பம்பை மாற்றுவதற்கு முன், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

டிராக்டர் ஸ்டியரிங் இறுகிவிட்டது, ஸ்டியரிங்குக்கு ஆயிலை அழுத்தித் தரும் பம்பு போய்விட்டதாகப் பட்டறையில் சொல்கிறார்கள், மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்திலிருந்து வேறு சிலரும் இதையே கேட்பதால் உங்களுக்கான பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் தெரிய வேண்டியது, இறுக்கம் இரும்பில் இருக்கிறதா, ஆயிலில் இருக்கிறதா என்பது. இரண்டிலும் கை ஒரே மாதிரிதான் வலிக்கும், அதனால்தான் பம்பு மேல் பழி விழுகிறது.

வண்டியைக் காய்ந்த களத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஆக்சில் நடுப்பின்னில் ஆடக்கூடியது, ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தைத் தள்ளித் திருப்பும் ஸ்டியரிங் சிலிண்டரின் ராடு முனையைக் கழற்றுங்கள். அது மாட்டியிருக்கும்வரை உள்ளே ஆயில் அடைபட்டு நிற்கும், எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் அசையாது. கழற்றிய பிறகு டயரைப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். லேசாகப் போக வேண்டும். முக்கி முனகித் திரும்பினால் கோளாறு இரும்பில்தான்.

நம் பக்கத்து வண்டி என்றால் எனக்கு முதல் சந்தேகம் கிங் பின் மேல்தான், அதாவது முன் சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த இரும்பு முளை. குறுவை, சம்பா, தாளடி என்று கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறங்குகிற வண்டி. சீல் கிழிந்திருந்தால் களித்தண்ணீர் கிங் பின்னைச் சுற்றியிருக்கும் புஷ்ஷுக்குள் போய்த் துருப்பிடிக்க வைத்துவிடும். கிரீஸ் ஏற்றும் சின்ன மூக்கான நிப்பிளைத் தேடினால் கண்ணுக்குப் படாது. காய்ந்த வண்டலை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிய பிறகுதான் தலை காட்டும். கிரீஸ் கன்னை வைத்து அழுத்தும்போது கிரீஸ் எங்கே போகிறது என்று குனிந்து பாருங்கள். நிப்பிளைச் சுற்றியே பிதுங்கி வழிந்தால் உள்ளே ஒன்றும் போகவில்லை. நிப்பிளை மாற்றி, துவாரத்தைக் கம்பியால் குத்திவிட்டு, ஆக்சிலைத் தூக்கிய நிலையிலேயே அடியுங்கள். மேலே பாரம் இல்லாதபோதுதான் அடிப் பேரிங் வரை இறங்கும். சேறு கலந்த பழைய கிரீஸ் வெளியே வந்து, பின்னாலேயே புதுசு எட்டிப் பார்க்கும் வரை நிறுத்தாதீர்கள். புஷ்ஷே தேய்ந்திருந்தால் கிரீஸ் போட்டு ஆகப்போவது இல்லை, லேத்துக்குத்தான் போக வேண்டும்.

முன் டயரில் காற்று குறைந்தாலும் ஸ்டியரிங் கனக்கும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நம் வீட்டில் டிராக்டருக்குக் காற்றுப் பார்ப்பவர் யார்?

சக்கரம் லேசாகத் திரும்புகிறதா? சரி, அப்போது ஆயில். சில வண்டிகளில் ஸ்டியரிங்குக்குத் தனி டப்பா இருக்கும், சிலவற்றில் ஹைட்ராலிக் ஆயிலே பொது. எதுவென்று பார்த்து அதற்குரிய ஆயிலை அளவோடு விடுங்கள், வீட்டில் மிச்சம் இருந்த ஆயிலை அல்ல. நுரைத்திருந்தால் பம்புக்கு ஆயில் போகும் ஹோஸில் எங்கோ காற்று இழுக்கிறது, கிளிப்பை முறுக்கிப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மேலே ஊற்றிப் பயனில்லை, முழுவதும் இறக்கி ஃபில்டரோடு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு, கழற்றிய ராடு முனையைத் திரும்ப மாட்டிவிட்டு, முன் சக்கரம் தூக்கியபடியே, இன்ஜின் மெதுவாக ஓட, கோடிக்குக் கோடி நிதானமாகத் திருப்பினால் காற்று வெளியேறும்.

ஐடிலில் கனத்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் இளகுகிறது என்றால் பம்பு தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு கொடுத்தாலும் இளகவில்லை என்றால் அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கித் திறந்தே நிற்கலாம். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் பம்பை விட்டுவிட்டு சிலிண்டரையும், ஆயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று பிரித்துவிடும் ஸ்டியரிங் யூனிட்டையும் பாருங்கள். எதுவானாலும் பிரஷர் கேஜ் மாட்டி அளந்து காட்டச் சொல்லுங்கள். பம்பை மாற்றுவது அவர்களுக்குச் சுலபமான வேலை, கிங் பின்னைக் கழற்றச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். ரிலீஃப் வால்வு திருகை இறுக்கிச் சரிக்கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், ஹோஸ் வெடிக்கும்.

இன்னொன்று. ஆயில் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு உண்டு. அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போகலாம். ஒரு பழைய அட்டையை நீட்டிப் பாருங்கள், போதும்.

வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து சேர இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் இதை முடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பிரஷர் கேஜை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை பம்புக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்