அருவிக் கட்டுரையோடு மலைமேல் பெய்யும் மழையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இலங்கையின் காட்டு அருவிகளைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை நான் இரண்டு முறை படித்தேன். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் தென்னையும் மக்காச்சோளமும் வைத்துப் பிழைக்கும் விவசாயி நான். சென்ற டிசம்பரில், பேத்தியின் அரையாண்டு விடுமுறையை ஒட்டிக் குடும்பத்தோடு இலங்கைக்குப் போய், கட்டுரையில் சொல்லப்பட்ட அருவிகளில் இரண்டைப் பார்த்து வந்தோம்; ஆகவே முதல் முறை ஆசையோடு படித்தேன். இரண்டாம் முறை படிக்க வைத்தது, அந்த அருவிகளுக்கு ‘ஆண்டின் எந்த மாதத்திலும் சென்று குளித்து மகிழலாம்’ என்று எழுதியிருந்த ஒரு வரி. அந்த வரியைக் குறித்தே இக்கடிதம்.

கட்டுரையாளர் போன நாளில் வெயில் அடித்திருக்கும், தண்ணீரும் அடக்கமாக விழுந்திருக்கும். அவர் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓர் அருவியின் குணத்தை அதன் முன்னால் நின்று மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. மேலே, கண்ணுக்குத் தெரியாத மலையில், எப்போது எவ்வளவு மழை பெய்கிறது என்பதைப் பொறுத்தது அது. இதைக் கொங்கு நாட்டாருக்கு விளக்க வேண்டியதே இல்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, பூளவாடி, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளை ஓயாமல் சுற்ற வைத்துக்கொண்டிருக்கும். எங்கள் காடுகரையில் ஒரு தூறல் விழாது. அதே நாட்களில் வால்பாறையில் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்கு மழை கொட்டும். கோவை நகரில் ஓராண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். வால்பாறையிலோ 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுவது வாடிக்கை. சின்னக்கல்லாற்றில் அதற்கும் கூடுதல். கீழே காற்று, மேலே மழை என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும் என்று பொருள்.

இலங்கையின் மழையும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. தீவின் நடுவே மலை நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அந்த மலையின் மேற்குச் சரிவில், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கத்தில் இறங்கிவிடும். மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊவா மாகாணம் அந்த மாதங்களில் மழை மறைவில் காயும். அப்பால் மட்டக்களப்புப் பக்கம் இறங்கும் வறண்ட காற்றைக் ‘கச்சான்’ என்கிறார்கள். எங்கள் ஆடிக் காற்றுக்குப் பங்காளி என்றே சொல்லலாம். ஐப்பசிக்குப் பிறகு இது தலைகீழாகிறது. வடகிழக்கிலிருந்து வரும் மழை ஊவாவின் பதுளைப் பக்கத்து ஓடைகளை நிரப்புகிறது. ஆகவே ஒரே தீவில், ஒரே நாளில், ஓர் அருவி நூலாக ஒழுகும், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொன்று கரையை அறுத்துக்கொண்டு ஓடும். தங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே பத்தியில், ஒரே பருவத்தில் அடக்கிவிட்டது.

நாங்கள் போனது துன்ஹிந்த அருவிக்கு. பதுளை நகரத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர். சாலையோரம் வண்டியை நிறுத்தி, நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, காட்டுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பதுளு ஓயா என்னும் ஆறு 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. சிங்களத்தில் ‘ஓயா’ என்றால் சிற்றாறு, ‘எல்ல’ என்றால் அருவி. புகைபோல் எழும் சாரலால்தான் துன்ஹிந்த என்ற பெயர் வந்தது என்கிறார்கள். பாதையின் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் மரங்களுக்கு இடையே ஆழத்தில் ஆறு. வழியில் அந்த ஆற்றிலேயே ஒரு சின்ன அருவி தெரிந்தது. பேத்தி அதுதான் துன்ஹிந்த என்று நினைத்து ஏமாந்தாள். தலையில் தொப்பி வைத்தாற்போல் வட்டமாக முடி முளைத்த செந்நிறக் குரங்குகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எங்கள் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தன. உலகத்தில் இலங்கையில் மட்டுமே உள்ள இனமாம். நடவடிக்கை என்னவோ, ஒரு காலத்தில் குரங்கு அருவி என்றும் இப்போது கவியருவி என்றும் அழைக்கப்படும் ஆழியாற்று அருவியில் நாம் காணும் குரங்குகளின் நடவடிக்கைதான். தீனி போட்டுக் கெடுத்தவர்கள் இரண்டு நாட்டிலும் உண்டு. இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு என் மனைவி உப்பைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். வால்பாறையில் உறவினர் வீட்டில் கற்றது.

பாதி வழியிலேயே இரைச்சல் காதை அடைத்தது. பார்வை மேடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அருவியைப் பார்க்க முடியவில்லை, நனைய மட்டுமே முடிந்தது; சாரல் விலகும் ஒரு நொடியில் வெள்ளை நீர் தெரியும், மீண்டும் மறைந்துவிடும். என் மகன் சட்டையைக் கழற்றத் தொடங்கினான். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஐம்பதடி மேலிருந்து குதித்து வளர்ந்தவன், கைபேசியில் யாரோ கீழே குளிக்கும் படத்தையும் பார்த்து வைத்திருந்தான். அவனைத் தடுத்தது மூன்று மொழியில் எழுதியிருந்த எச்சரிக்கைப் பலகை அன்று, எங்களை அழைத்துவந்த ஓட்டுநர்தான். மலையகத் தமிழர், அவருடைய பூட்டனார் நாமக்கல் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர் என்று வீட்டில் பேச்சு உண்டாம். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே தருகிறேன்: “ஐயா, தண்ணி வெள்ளையா விழுந்தா நின்னு பார்க்கலாம். டீத்தண்ணி மாதிரி நெறம் மாறிச்சுன்னா திரும்பிரணும். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தா பையக்கூட எடுக்கக் கூடாது. மழை இங்க பெய்யணும்னு இல்ல.”

இன்னும் ஒன்றும் சொன்னார், அது எனக்குப் புதிது. ஓடிக்கொண்டிருக்கும் நீர் காரணமில்லாமல் திடீரென்று குறைந்தாலும் ஓட வேண்டுமாம். மேலே மரமோ மண்ணோ சரிந்து ஓடையை அடைத்திருக்கும்; அது உடைந்தால் தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே அலையாக வரும். தண்ணீர் குறைந்ததைக் கண்டு, இப்போது இறங்கலாம் என்று இறங்குவதுதான் நம்மவர் வழக்கம்.

கிணற்றில் நீந்தத் தெரிந்தவனுக்கு அருவி மடுவில் என்ன பயம் என்று கேட்கும் என் மகனைப் போன்றவர்கள் கொங்கு நாட்டில் ஏராளம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கிணற்று நீர் அசையாமல் நின்று ஆளைத் தாங்கும். அருவி விழும் இடத்து நீரில் பாதிக்குப் பாதி காற்றுக் குமிழி; நுரை ஆளைத் தாங்காது. மேலிருந்து விழும் நீர் மடுவின் அடிவரை போய்ச் சுழன்று திரும்புவதால், மேலே வந்தவனை மறுபடியும் விழும் இடத்துக்கே இழுக்கிறது. போதாததற்குப் பாசி படிந்த பாறை. எத்தனை ஆண்டுகள் கிணற்றில் குதித்துப் பழகியிருந்தாலும் அங்கே உதவாது.

மறுநாள் பார்த்த தியலும அருவியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 220 மீட்டர் உயரம், அந்நாட்டில் 263 மீட்டர் உள்ள பம்பரகந்தவுக்கு அடுத்தது, வெல்லவாய போகும் நெடுஞ்சாலையில் நின்று அண்ணாந்தாலே முழுதும் தெரியும். ஆனால் அதன் உச்சியில் இருக்கும் குளங்களில், நீர் விளிம்பைத் தாண்டி விழுவதற்குச் சில அடிகள் முன்னால், இளைஞர்கள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வதைத் தங்கள் கட்டுரை ‘தவறவிடக் கூடாத அனுபவம்’ என்று வருணித்திருப்பதை ஏற்க முடியவில்லை. அதே சாலையில் கொஸ்லாந்தையைக் கடக்கும்போது ஓட்டுநர் வண்டியின் வேகத்தைக் குறைத்து மலையைக் காட்டினார். 2014 அக்டோபர் 29 அன்று, தொடர்மழைக்குப் பின் மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணுக்குள் போன இடம் அது. அருவியை நிரப்பும் மழையும் லயன்களைப் புதைத்த மழையும் ஒரே மேகத்தினுடையவை. அதனால்தான் அங்குள்ளவர்கள், தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் மழைநாளில் மலைப்பாதைக்கு வண்டியை எடுப்பதில்லை என்று அவர் சொன்னார். எந்த வட்டாரத்துக்கு எச்சரிக்கை என்று இடம் சுட்டிச் சொல்லிவிடுவார்களாம்.

இனி நான் கேட்க வந்ததைச் சொல்கிறேன். தங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் நாள்தோறும் சோலையாறு, பரம்பிக்குளம், ஆழியாறு, திருமூர்த்தி அணைகளின் நீர்மட்டமும், வால்பாறை, சின்னக்கல்லாறு உள்ளிட்ட இடங்களின் மழையளவும் சிறு எழுத்தில் வருகின்றன. எங்கள் வீட்டில் தலைப்புச் செய்திக்கு முன்னால் படிக்கப்படுவது அதுதான். பாசனப் பரப்பைப் பிரித்திருக்கும் நான்கு மண்டலங்களில் எங்கள் மண்டலத்துக்கு எப்போது மடை திறக்கும் என்பதை அந்தப் பத்து வரியிலிருந்து கணித்துவிடுவோம். அதே நாளிதழின் இணைப்பு, விடுமுறைக்கு ஏற்ற அருவிகள் என்று கவியருவியையும் பஞ்சலிங்க அருவியையும் கோவைக் குற்றாலத்தையும் படத்தோடு போடுகிறது. இந்த இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. இரண்டையும் சேருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எடுத்துக்காட்டுக்குத் திருமூர்த்தி மலையையே எடுத்துக்கொள்ளலாம். பஞ்சலிங்க அருவியில் குளிப்பவருக்குத் தலைக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் குருமலை, குழிப்பட்டிப் பக்கம் ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் போதும், இங்குள்ள பாலாறு பெருகி அமணலிங்கேஸ்வரர் கோயிலைச் சூழ்ந்துவிடும். வெள்ளம் வந்ததும் குளிக்கத் தடை விதிக்கிறார்கள், நல்லதே. ஆனால் அச்செய்தி நாளிதழில் வருவது மறுநாள் காலையில். வெளியூர்க்காரர் வண்டி ஏறியது முந்தைய ஞாயிற்றின் இணைப்பைப் படித்துவிட்டு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதும் கோடை விடுமுறையில்தான். எனவே எந்த அருவியைப் பற்றி எழுதினாலும், அதன் நீர் எந்த மலையிலிருந்து வருகிறது, அந்த மலைக்கு மழை எந்த மாதங்களில், அங்கே பெய்தால் எவ்வளவு நேரத்தில் கீழே தெரியும் என்ற மூன்றையும் படத்துக்குக் கீழே போடலாம். மூன்றாவதை மலைக்கிராமத்து மக்களிடம் கேட்டால் நொடியில் சொல்வார்கள். கட்டுரை எழுதப் போகிறவர் அவர்களிடம் ஒரு வாய்த் தேநீர் குடித்துவிட்டு வரட்டும்.

மாதத்தைப் போடுவதால் இன்னொரு நன்மையும் உண்டு: ஏமாற்றம் குறையும். படத்தில் பார்த்த வெள்ளத்தை எதிர்பார்த்து ஆகஸ்டில் பதுளைக்குப் போகிறவர் காய்ந்த பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். சில இடங்களில் மழையைக் கேட்டும் பயனில்லை, அணையைக் கேட்க வேண்டும். தலவாக்கலைக்கு அருகிலுள்ள சென்கிளயர் அருவி, 2012-ல் முடிந்த மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு, பகல் பொழுதில் திறந்துவிடும் தண்ணீரில்தான் விழுகிறது. தங்கள் இணைப்பில் வந்த அதன் படம் திட்டத்துக்கு முந்தையது போல் தெரிகிறது.

படத்தைப் பற்றிச் சொன்னதால் ஒரு திருத்தம். கட்டுரையின் முகப்பில் ‘தியலும’ என்று அச்சாகியிருப்பது தியலும அன்று, துன்ஹிந்த. தியலும மொட்டைப் பாறை முகத்தில் மெலிந்து நீளமாக இறங்கும். தங்கள் படத்தில் இருப்பது காட்டுக்குள் குறுகிய வாய் வழியே பீறிட்டு, பாதிக்குக் கீழே புகையில் மறைகிறது. இடது ஓரத்தில் அந்தப் பார்வை மேடையின் கைப்பிடியும் தெரிகிறது.

தங்கள் உண்மையுள்ள,
பி.ஏ.பி. பாசன விவசாயி ஒருவர்,
உடுமலைப்பேட்டை வட்டம், திருப்பூர் மாவட்டம்.