ஐயனார் கோயில்காட்டுக்கு உங்கள் பங்கு

அன்புடையீர்,

நம் ஊர் ஐயனார் கோயில்காட்டை மீட்பதற்கு நிதி திரட்டுகிறோம். இது தலைக்கட்டு வரி அல்ல, விருப்ப நன்கொடை. வாக்கப்பட்டுப் போன பெண்மக்களுக்கும், சென்னை, திருப்பூர், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

கோயிலுக்குக் கொடுக்க நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை. மண்டபம் வந்தது, தகரக் கொட்டகை வந்தது, டைல்ஸ் தரையும் வந்தது. ஒவ்வொன்றும் காட்டில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டுதான் எழும்பியது. காட்டுக்கென்று யாரும் இதுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரத் தோப்புகளையே பார்த்துப் பழகிவிட்டோம். அதற்கு முன் இந்த மண்ணில் என்ன இருந்தது என்று காட்டப் பெரும்பாலும் கோயில்காடுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. வீரை, காசா, உலக்கைப் பாலை, இரும்பிலி, நாவல் என்று நிற்கும் இந்தக் காட்டைத் தாவரவியலார் உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். ஆண்டில் சில மாதங்கள்தான் மழை; ஆனாலும் தடித்த இலைகளில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும். வளர்ச்சி மிக மெதுவு. தொடையளவு பருமனுள்ள ஒரு வீரை மரம் நம் தாத்தாக்களுக்கு மூத்ததாக இருக்கலாம். பழத்தைத் தின்று விதையைப் பரப்பும் வேலையைச் சின்னான் குருவியும் குயிலும் மரநாயும் வௌவாலும் சம்பளம் இல்லாமல் பார்க்கின்றன.

கிழக்கு ஓரத்தில் இப்போது சீமைக் கருவேலம் புகுந்துவிட்டது. ஆடுமாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் போடுகிறது. அடுத்த மழையில் புதர். கரிமூட்டம் போடுகிற வியாபாரிகள், "காசே வேண்டாம், நாங்களே வெட்டிக்கொள்கிறோம்" என்று வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மேல்மரம், வேரை விட்டுவிடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாகத் தளிர்க்கும். ஜேசிபியை இறக்கினால் ஒரே நாளில் முடியும்தான், ஆனால் பக்கத்து வீரையின் வேரும் காசாக் கன்றும் சேர்ந்து போகும். ஆகவே வெளி ஓரத்தில் மட்டும் இயந்திரம், உள்ளே கடப்பாறையும் மண்வெட்டியும் என்று முடிவு செய்திருக்கிறோம். செலவில் பெரும்பகுதி இந்தக் கூலிக்குத்தான். தோண்டிய மரத்தை விற்று வரும் பணமும் இதே கணக்கில் சேரும்.

காலியாகும் இடத்தில் நம் காட்டு மரங்களே வரவேண்டும். புங்கனும் வேம்பும் எந்த நர்சரியிலும் கிடைக்கும். வீரையும் இரும்பிலியும் எளிதில் கிடைக்காது. நாமே விதை பொறுக்கி நாற்று விட வேண்டும். நாவல் விதையெல்லாம் பழம் உதிர்ந்த சூட்டோடு ஊன்ற வேண்டியது. மாதக்கணக்கில் டப்பாவில் வைத்தால் முளைக்காது. பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு நடவு, அதன்பின் இரண்டு கோடைக்குத் தண்ணீர். கம்பிவேலி கிடையாது, கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நட்டு உயிர்வேலி.

மொத்த மதிப்பீடு 3,20,000 ரூபாய். இரண்டு பேருக்கு ஒருநாள் வேர் தோண்டும் கூலி 1,500 ரூபாய். ஒரு கன்றை இரண்டு கோடை காப்பாற்ற 400 ரூபாய். முடிந்ததைக் கொடுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். வங்கிக் கணக்கு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. வரவு செலவு மாதந்தோறும் ஊர்ப் பொது மந்தையில் வாசிக்கப்படும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: உபயதாரர் கல்வெட்டு கிடையாது, மரத்தில் பெயர்ப்பலகை அடிக்கவும் விடமாட்டோம். கொடுத்தவர் பெயர் ரசீதுப் புத்தகத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காடு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. 2025இல் அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் கைவைக்காமல் வைத்திருந்ததால்தான் அறிவிக்க ஏதோ மிஞ்சியிருந்தது. நமக்கு அந்தப் பட்டம் வருமா என்பது பிறகு. முதலில் ஆட்டை உள்ளே ஓட்டாமல், பொங்கல் வைத்த அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி, பூசைக்குக் கொண்டுபோன பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்துவந்தால், அதுவும் நன்கொடைக் கணக்கில்தான் சேரும்.

ஆடி முடிவதற்குள் நிதி வந்து சேர்ந்தால் ஆவணியில் வேலை தொடங்கும். பணம் தர இயலாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடப்பாறையோடு வரலாம். மதியச் சாப்பாடு குழுவின் பொறுப்பு.

இப்படிக்கு,
கோயில்காடு பராமரிப்புக் குழுவினர்