வசந்தாவுக்கு: கம்ப்யூட்டரைப் பகலில் தூங்க வை, ராத்திரி அணைத்துவிடு

பாளையங்கோட்டை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரமே கைக்கு வந்தது. பதில் எழுதுவதற்குள் அக்கா மகளின் வளைகாப்புக்குத் தூத்துக்குடி போக வேண்டியதாகிவிட்டது. நல்லபடியாக நடந்தது. அக்காவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், ஆனாலும் நின்றுகொண்டே எல்லோருக்கும் பரிமாறினாள். உன்னையும் விசாரித்தாள். உனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. புரூஃப் பார்க்கும் வேலையைக் கொஞ்ச நாள் பாதி நேரமாகக் குறைத்துக்கொள். பதிப்பகத்தார் காத்திருப்பார்கள்.

இனி உன் வீட்டுப் பஞ்சாயத்து. நீ அடுப்படிக்குப் போனால்கூட அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். புனேயிலிருந்து உன் மகனோ, அடிக்கடி அணைத்துப் போட்டால்தான் மெஷின் தேயும், அப்படியே விட்டுவிடு என்கிறான். நடுவில் நீ. நம் பாலிடெக்னிக் லேபில் எத்தனையோ மெஷின்களை வைத்து மேய்த்தவள் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறாய். நான் நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் எழுந்து போகும்போது ஸ்லீப்பில் போடு. ராத்திரி படுக்கப் போகும்போது ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணை. இடி இடிக்கும் நாளில் பிளக்கையே பிடுங்கிவிடு.

உன் மகன் சொல்வது ஆதாரமில்லாத பேச்சில்லை. அதில் ஒரு காலத்து உண்மை இருக்கிறது. லேபுக்கு முதலில் வந்த மெஷின்களை அணைக்கும் முன் 'பார்க்' என்று டைப் செய்யச் சொல்வோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ லைப்ரரியிலிருந்து வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒரு பையன் அதை மறந்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருப்பான். டிஸ்க்குக்குள் தகட்டின் மேல் மயிரிழை உயரத்தில்கூட இல்லாமல், அதைவிடக் குறைந்த இடைவெளியில் மிதந்தபடி எழுதவும் படிக்கவும் செய்யும் ஹெட், தகடு நின்றதும் அதன் மேலேயே இறங்கி உட்காரும். எழுத்து இல்லாத இடத்தில் அது உட்காரட்டும் என்பதற்காகத்தான் அந்தக் கட்டளை. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் கிளம்பும்போதும் ஒரு சின்ன உராய்வு. அதோடு, சூடாகி விரிவதும் குளிர்ந்து சுருங்குவதுமாக இருந்தால் சால்டரிங் வைத்த இடங்கள் நாளடைவில் விடும். குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும் நொடியில்தானே பியூஸ் போனது! இதையெல்லாம் பார்த்தவர்கள்தான், ஓடுகிறதை நிறுத்தாதே என்றார்கள்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார். பின்னாளில் வந்த டெஸ்க்டாப் டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில் 50,000 தடவை நின்று கிளம்பத் தாங்கும் என்று போட்டிருக்கும். தினமும் 2 தடவை அணைத்துப் போட்டால் வருஷத்துக்கு 730. அந்த 50,000-ஐத் தொட அறுபது வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு ஹெட் தகட்டில் உட்காராமல், ஓரத்தில் இருக்கும் சின்னச் சரிவில் ஏறி நிற்கும்படி செய்துவிட்டார்கள். தகடே இல்லாமல் சிப்பில் எழுதி வைக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதற்கே ஒன்றும் இல்லை. ஆக, சுவிட்சைப் போட்டு அணைப்பதால் உன் மெஷின் செத்துவிடாது. அந்தப் பயத்தை விட்டுவிடு.

நம் ஊர்ப் பக்கம் மெஷினைக் கொல்வது சூடு. அப்புறம் தூசி. அப்புறம் நிலையில்லாத கரண்ட். இதை நான் அடித்துச் சொல்வேன். 2000-க்குப் பிறகு சில வருஷம் லேபில் ஒன்றன்பின் ஒன்றாக மெஷின்கள் தானாக நின்றுபோயின. கேபினட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், பிராசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் (கரண்டைச் சேர்த்து வைத்துச் சீராகக் கொடுக்கும் சின்ன உருளைகள்) மேல்மூடி, தட்டையாக இருக்க வேண்டியது, பூரி போல உப்பியிருக்கும். அதில் வெட்டிவிட்ட கோடு பிளந்து, பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். கெப்பாசிட்டருக்குள் ஊற்றிய ரசாயனக் கலவையே சரியில்லாமல் போய், உலகம் முழுக்க அந்தச் சமயத்தில் இந்தத் தொல்லை இருந்தது. ஆனால் நல்ல கெப்பாசிட்டருக்கும் ஒரு விதி உண்டு: சுற்றியிருக்கும் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சித்திரை வைகாசியில் திருச்சி வெயில் 40-ஐத் தாண்டும். ஏ.சி. இல்லாத உன் முன்னறையில் அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீயே யோசி. வருஷம் முழுக்க ஓடவிட்டால் 8,760 மணி நேரம். நீ வேலை செய்யும் 5 மணி நேரம் மட்டும் என்றால் 1,825. ஃபேனும் அத்தனை மணி நேரம்தான் சுற்றும், தூசியும் அந்த அளவுக்குத்தான் உள்ளே போகும்.

கரண்ட் பில்லையும் விட்டுவிட முடியாது. சாதாரண டெஸ்க்டாப் ஒன்று சும்மா நிற்கும்போதும் 50, 60 வாட் இழுக்கும். 60 என்றே வைத்துக்கொள். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.44 யூனிட். ஈ.பி.க்காரர்கள் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். அரசாங்கம் தரும் 100 யூனிட் இலவசத்தில் பெரும்பகுதியை யாரும் தொடாத ஒரு பெட்டியே குடித்துவிடுகிறது. நீ வேலை செய்யும் நேரம் மட்டும் ஓடினால் 18 யூனிட்தான். மீதி நேரம் முழுக்க ஸ்லீப்பில் கிடந்தாலும், 3 வாட் என்று வைத்தால், இன்னும் 3, 4 யூனிட் சேரும். எனக்குக் காசைவிட, யாருக்கும் பயன்படாமல் எரியும் கரண்ட்தான் உறுத்துகிறது. எங்கோ நிலக்கரி எரிந்து வருகிற கரண்ட் அது.

அதற்காக அண்ணன் பக்கம் முழுக்கச் சாயவும் மாட்டேன். காபி போடப் போகும்போது ஷட் டவுன் எதற்கு? நான்கு பக்கம் திறந்து வைத்து, அகராதி ஒரு பக்கம், மூலப் பிரதி ஒரு பக்கம் என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பாய். எல்லாவற்றையும் மூடித் திரும்பத் திறப்பதற்குள் விட்ட இடம் மறந்துபோகும். ஸ்லீப் அதற்குத்தான் இருக்கிறது. மெமரிக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் ஓய்ந்துவிடும். ஆனால் கரண்ட் போய் யு.பி.எஸ்.ஸும் கைவிட்டால் மெமரியில் இருந்தது போனதுதான். எழுந்திருக்கும் முன் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திச் சேவ் செய்யும் பழக்கத்தை விடாதே. ஹைபர்னேட் என்றும் ஒன்று உண்டு. மெமரியில் இருப்பதை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மெஷின் முழுக்க நின்றுவிடும். மறுநாள் போட்டால் அதே பக்கங்கள் அதே இடத்தில் இருக்கும். விண்டோஸ் மெனுவில் பெரும்பாலும் அது தெரியாது, கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் வரவழைக்க வேண்டும். பெரிய புத்தகம் பாதியில் நிற்கும் ராத்திரிகளில் ஷட் டவுனுக்குப் பதில் இதைப் போடலாம். அதற்குப் பிறகும் சுவர் சுவிட்சை அணைக்கலாம், ஒன்றும் ஆகாது.

இப்போது ஒரு காரியம் செய். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில் சி.பி.யு.வைத் தொட்டால் கீழே 'அப் டைம்' என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் இருப்பது நாள் கணக்கு. நேற்று ராத்திரி அணைத்துவிட்டு இன்று காலையில் போட்டிருந்தாலும் அதில் பல நாள் காட்டக்கூடும். அணைத்தேனே என்று குழம்பாதே. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஷட் டவுன் என்று கொடுத்தாலும் விண்டோஸின் அடிப்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். சீக்கிரம் எழும்புவதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் உள்ளே ஏதாவது சிக்கிக்கொண்டிருந்தால் அதுவும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முழுசாகக் கலைந்து புதிதாகத் தொடங்கும். பிரிண்டர் அடம் பிடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, முதலில் ஒரு ரீஸ்டார்ட் கொடுத்துப் பார். இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒன்று கொடுத்துவிடு. விண்டோஸின் மாதாந்திர அப்டேட் இரண்டாவது செவ்வாய் ராத்திரி நம் ஊர் நேரத்துக்கு வரத் தொடங்கும். அந்தப் புதன்கிழமையன்று ரீஸ்டார்ட் கட்டாயம். ஆனால் உன்னுடையது இன்னமும் விண்டோஸ் 10 என்றால், 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அப்படி ஒரு மெஷினை யாரும் பார்க்காத ராத்திரி நேரத்தில் நெட்டோடு திறந்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அணைத்துக் கிடக்கும் மெஷினுக்குள் எவனும் நுழைய முடியாது.

நீ எழுதியதில் இன்னொரு வரி என் கண்ணில் பட்டது. சுவிட்சைப் போட்டால் குளித்துவிட்டே வந்துவிடலாம், அவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறாய். அதுதான் விஷயம், வசந்தா. எழுப்ப நேரமாகிறது என்பதால்தான் அணைக்க உனக்கு மனசு வரவில்லை. உன்னிடம் இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு ஓர் எஸ்.எஸ்.டி. போடச் சொல். புது மெஷின் வாங்கவே வேண்டாம். சுவிட்சைப் போட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் தயாராக நிற்கும். உன் மகன் தீபாவளிக்கு வரும்போது அவனே மாற்றிவிடுவான். பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் நகல் எடுத்த பிறகு கை வைக்கச் சொல். முக்கியமாக உன் அப்பாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறாயே, அதை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்.

இடி விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே ஐப்பசி பிறந்ததிலிருந்து சாயங்காலமானால் மேற்கே மின்னுகிறது. டெலிபோன் கம்பி வழியாக நெட் வந்த நாளில் ஒரே இடியில் மோடமும் போகும், சில சமயம் மதர்போர்டும் கூடவே போகும். இப்போது உங்கள் வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழை, அதன் வழியாக மின்னல் பாயாது. ஆனால் அந்த ரவுட்டர் சுவரில் செருகிய அடாப்டரில்தான் ஓடுகிறது. அங்கே ஏறும் கரண்ட் ரவுட்டரிலிருந்து உன் கம்ப்யூட்டருக்கு வரும் கேபிளில் இறங்கலாம். அதனால் பவர் பிளக், ரவுட்டர் பிளக், அந்தக் கேபிள் மூன்றையும் எடுத்துவிடு. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. முதலில் ஷட் டவுன், பெட்டியில் விளக்கு அணையும்வரை பொறு, அதன் பிறகே சுவிட்சு. அண்ணன் அவசரப்பட்டுச் சுவிட்சைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் ஃபைல் கெட்டுப்போகும்.

இரவெல்லாம் ஓடவிட நியாயமான காரணங்களும் இருக்கின்றன. வீட்டுப் படங்களை நகல் எடுக்கும் வேலை ராத்திரியில் நடந்தால் அன்றைக்கு விடலாம், முடிந்ததும் தானாக அணையும்படி வைத்துக்கொண்டால் போதும். பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1999-இல் 'செட்டி அட் ஹோம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளில் வேற்றுலகத்தார் யாராவது பேசுகிறார்களா என்று சலித்துப் பார்க்கும் வேலையை, உலகம் முழுக்க வீடுகளில் சும்மா நின்ற கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். 2020 மார்ச்சோடு அந்தப் பங்கீட்டை நிறுத்திவிட்டார்கள். அந்த மாதிரி ஒரு காரியத்துக்கு என்றால் கரண்ட் எரிந்தாலும் மனசு கேட்கும்.

லைப்ரரி சுந்தரம் சாரின் பேத்திக்கு இந்த வருஷம் மருத்துவத்தில் இடம் கிடைத்திருக்கிறது, உன்னிடம் சொல்லச் சொன்னார். மார்கழியில் நீங்கள் இருவரும் இங்கே வருவதாக எழுதியிருக்கிறாய். நெல்லையப்பர் கோயிலுக்கு விடியற்காலையில் போகலாம், திருவாதிரைக்குக் களி நான் செய்கிறேன். டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, அந்தச் சமயத்தில் கிடைப்பது கஷ்டம். அந்த அப் டைம் எத்தனை நாள் காட்டியது என்பதை மறக்காமல் எழுது.

அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கலா