பூவைக் குறை, விளக்கைக் கூட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கல்யாண மண்டபத்துக்கு அலங்காரக்காரர் கொடுத்த விலைப்பட்டியலை உன் அம்மாவும் நானும் பார்த்தோம். பாதிக்கு மேல் பூவுக்கே போகிறது, அதிலும் சிவப்பு ரோஜா. பிப்ரவரி 14 நெருங்க நெருங்க அதன் விலை ஏறும்; உங்கள் கல்யாணமோ அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். அந்த வரியை முதலில் அடித்துவிடு. ரோஜா வேண்டும் என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டால், உன் கையில் இருக்கும் கொத்தில் நாலு பூ இருக்கட்டும்.

மிச்சமாகும் பணத்தை விளக்கில் போடு. கோடையில் கல்யாணம் வைப்பவர்கள் சரவிளக்கு கட்டிவிட்டு, எப்போது இருட்டும் என்று காத்திருக்க வேண்டும். உங்களுடையது குளிர்காலக் கல்யாணம், விருந்து தொடங்கும்போதே இருட்டியிருக்கும். மண்டபத்தின் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டால் நீ குறைப்பட்டுக்கொண்ட அந்தச் சுவரும் பழைய திரையும் யார் கண்ணிலும் படாது, மறைக்கத் துணி வாடகைக்கு எடுக்கவும் வேண்டாம். ஆனால் எல்லாம் ஒரே சுவிட்சில் இருக்கிறதா, வரிசை வரிசையாக அணைக்க முடியுமா என்று இப்போதே கேட்டுவை.

சரவிளக்கைப் புத்தாண்டு முடிந்ததும் தள்ளுபடியில் வாங்கு. பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருந்தால் மஞ்சள் கலந்த இதமான வெளிச்சம். 6000-க்கு மேல் போனால் நீலம் பாரிக்கும், குளிரில் ஏற்கெனவே வெளுத்திருக்கும் முகங்கள் இன்னும் வெளுக்கும். சிநேகிதிகளிடம் இரவல் வாங்குவதும் நல்லதுதான், ஆனால் இரண்டு நிறம் கலந்துவிடாதே. கலந்தால் மிச்சம் பிடித்தது பளிச்சென்று தெரியும். வாசலுக்குப் போடுவது வெளியில் பயன்படுத்தத் தகுந்ததாக இருக்கட்டும். பேட்டரியில் எரிவது கடுங்குளிரில் சீக்கிரம் மங்கிவிடும்.

மெழுகுவத்தி ஏற்ற மண்டபத்தில் அனுமதி உண்டா? உண்டென்றால் ஒவ்வொரு மேசையிலும் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் மூன்று வை, ஆறாகத் தெரியும். காய்ந்த கிளை, துணி, காகிதம் எதுவும் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கக் கூடாது. அனுமதி இல்லையென்றால் பேட்டரி மெழுகுவத்தி போதும், இரண்டடி தள்ளி நின்றால் எனக்கே வித்தியாசம் தெரிவதில்லை.

பச்சைக்கு ஊசியிலைக் கிளைகள். ஸ்புரூஸ் மரக் கிளை வேண்டாம், சூடேற்றிய அறையில் மளமளவென்று உதிரும், ஃபர் மரக் கிளை தாங்கும். முதல் நாள் இரவு அடியைப் புதிதாக வெட்டி வாளித் தண்ணீரில், குளிர்ந்த இடத்தில் நிறுத்திவைத்துக் காலையில் கட்டுங்கள். யூ மரக் கிளையை மட்டும் தொடாதே. இலையும் விதையும் விஷம், குழந்தைகள் வருவார்கள். பைன் காய்கள் ஈரத்தில் மூடியிருந்தால் தூக்கிப் போடாதே, காய வைத்தால் தானே விரியும். இலையுதிர்ந்த மொட்டைக் கிளைகளை உயரமான ஜாடியில் நிறுத்திச் சரவிளக்கைச் சுற்றினால் மேடைக்கு இரண்டு பக்கமும் அதுவே போதும். மொட்டைக் கிளைக்கு யாரும் காசு கேட்கமாட்டார்கள்.

வெளியே பனி, உள்ளேயும் வெள்ளை விரிப்பு என்றால் நீ உடுத்தும் வெள்ளை எடுபடாது. விரிப்பைக் கரும்பச்சையிலோ அரக்கு நிறத்திலோ எடு. நாற்காலி உறையும் செயற்கைப் பனியும் தண்டச் செலவு.

பட்டியலில் இல்லாத ஒன்று: கோட்டு மாட்டும் ஸ்டாண்டு. குளிர்காலத்தில் வருகிறவர்கள் எல்லோரும் தடித்த கோட்டோடு வருவார்கள். மாட்ட இடமில்லாவிட்டால் நாற்காலி முதுகில் போடுவார்கள், நீ செய்த அலங்காரம் அத்தனையும் அதற்குப் பின்னால் போய்விடும். ஸ்டாண்டை வாசல் பக்கமே வை, கீழே ஈரம் உறிஞ்சும் மிதியடியும்.

நாங்கள் நாலு நாள் முன்னதாகவே வந்துவிடுவோம். சரங்களின் சிக்கெடுப்பது என் பொறுப்பு. ஏணியில் ஏற மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் யாரையாவது சொல்லிவை. உன் அம்மா என்னை ஏற விடமாட்டாள்.

அன்புடன்,
அப்பா