எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், எந்த நாற்காலியில்?

உசிலம்பட்டி.

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. பாட்னாவில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. "பீகார் தொடக்கப் பள்ளிகளில் பெண் ஆசிரியர்களைக் கூட்டுவதற்குத் திட்டம் தயாரிக்கிறோம், தமிழ்நாட்டில் உங்கள் அனுபவம் என்ன" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

மாநில சதவீதத்தை முதல் பக்கத்தில் போடாதே. இந்தியா முழுக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெண்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் மேலே இருப்பவர்கள் வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுவார்கள். ஆனால் மதுரை டவுனை ஒட்டிய திருப்பரங்குன்றம் வட்டாரமும் பஸ் அபூர்வமாக வரும் சேடபட்டி வட்டாரமும் ஒன்றாகுமா? டவுன் பள்ளியில் ஐந்து பேரும் பெண்களாக இருக்க, உள்கிராமத்துப் பள்ளியில் ஒருத்திகூட இல்லாமல் இருந்தாலும் சராசரி அழகாகத்தான் தெரியும். அதனால் பள்ளிவாரியாக எடு. பெண்ணே இல்லாத பள்ளி எத்தனை, ஒரே ஒரு பெண் மட்டும் இருப்பது எத்தனை, தலைமையாசிரியர் பெண்ணா, பெண் ஆசிரியர் எடுக்கும் வகுப்பு எது. இவற்றோடு மாற்றுப்பணிக்கும் ஒரு கட்டம் போடு. சம்பளம் ஒரு பள்ளியில் வாங்கி, பாடம் வேறு பள்ளியில் நடத்துபவர்கள் எல்லா வட்டாரத்திலும் உண்டு. அதைக் கழிக்காவிட்டால் உன் கணக்கு தாளில்தான் நிற்கும்.

இட ஒதுக்கீடு கதவைத் திறக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். தமிழ்நாட்டில் 1989இல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் வந்தது. அதை 40 ஆக்கும் அறிவிப்பு 2021இல் வந்தது. 1986 கல்விக் கொள்கையை ஒட்டி வந்த கரும்பலகைத் திட்டம், பள்ளிக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர் வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றது. நீ இருக்கும் பீகாரிலும் 2006 முதல் தொடக்கப் பள்ளி நியமனத்தில் பாதி இடம் பெண்களுக்கு. ஆனால் நியமனம் ஆனவர் அந்தப் பள்ளியிலேயே நிற்கிறாரா என்பதை ஒதுக்கீடு பார்த்துக்கொள்ளாது. உன் திட்டம் அங்கே ஆரம்பிக்கட்டும்.

மகப்பேறு விடுப்பைத்தான் முதலில் பார். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். நம் பக்கத்துக் கிராமங்களில் நிறையப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகளாக இருப்பது அதனால்தான். இங்கே 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். அது வேண்டிய உரிமை, ஒரு நாளும் குறையக் கூடாது. ஆனால் மாற்று ஆள் போடாவிட்டால் அந்தப் பள்ளி ஒரு வருஷம் ஓராசிரியர் பள்ளி ஆகிறது. ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்க்க வேண்டும். அவர் கூட்டத்துக்குப் போகிற அன்று பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை இழுப்பார்கள், அங்கே ஒரு வகுப்பு கெடும். ஊர்க்காரர்கள் அதிகாரியிடம் வந்து, அடுத்த தடவை ஆண் வாத்தியாரையே போடுங்கள் என்பார்கள். நிர்வாகம் ஆள் போடாத குற்றம் பிள்ளை பெற்றவள் தலையில் விழுகிறது. கேட்கவே வயிறு எரியும்.

இதற்கு வழி இருக்கிறது. வட்டார அலுவலகத்தில் கடந்த மூன்று வருஷ விடுப்புப் பதிவை வாங்கி, மாதம் மாதமாக ஒரே நேரத்தில் எத்தனை பேர் விடுப்பில் இருந்தார்கள் என்று எழுது. அதில் வரும் அதிகபட்ச எண்ணிக்கைக்குச் சமமாக, விடுப்பில் போகிறவர்களுக்குப் பதிலாக நிற்க வட்டாரத்துக்கென்று நிரந்தர ஆசிரியர் பணியிடம் கேள். சராசரிக்குக் கேட்டால் நெருக்கடி மாதங்களில் பற்றாது. தற்காலிக ஆள் போதும் என்பார்கள். இங்கே 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக இடைநிலை ஆசிரியர்களை, அதாவது தொடக்க வகுப்பு ஆசிரியர்களை, தற்காலிகமாக எடுத்தபோது முதலில் அறிவித்த தொகுப்பூதியம் 7,500 ரூபாய். தகுதித் தேர்வு முடித்த பெண்ணை அந்தக் காசுக்கு எத்தனை நாள் நிறுத்த முடியும்?

அடுத்தது பஸ். காலை முதல் டிரிப் பள்ளி மணிக்கு முன்னால் ஊருக்குள் வருகிறதா, சாயங்காலம் திரும்ப வண்டி உண்டா, ரோட்டிலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்று பள்ளிவாரியாகக் கேள். இங்கே டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது பெரிய உதவிதான். ஆனால் வண்டியே வராத ஊருக்கு அது எதற்கு ஆகும்? அப்படிப்பட்ட ஊருக்குப் புதிதாக ஒரு பெண்ணைத் தனியாகப் போடாமல், ஒரே பாதையில் இருக்கும் பள்ளிகளுக்கு இரண்டு மூன்று பேரைச் சேர்த்துப் போடச் சொல். ஷேர் ஆட்டோ பிடித்தாலும் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள், இருட்டினாலும் துணை இருக்கும்.

கழிப்பறை "உண்டு" என்ற பதிலை நம்பாதே. உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சாவி யாரிடம், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி உண்டா என்று கேள். நான்கையும் கேட்டால்தான் உண்மை தெரியும். ஐந்தாம் வகுப்பில் வயதுக்கு வரும் பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கும் அதேதான்.

எந்த வகுப்பு யாருக்கு என்பதையும் கவனி. பெண் என்றால் ஒன்று, இரண்டு, ஆண் என்றால் நான்கு, ஐந்து என்று எங்கும் பழக்கமாகிவிட்டது. சின்ன வகுப்பு எடுப்பது லேசான வேலை இல்லை, எழுத்து கூட்ட வைப்பதுதான் கடினம். ஆனால் ஐந்தாம் வகுப்புக் கணக்கை ஒரு பெண் நடத்துவதைப் பெண்பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பதவி உயர்வு. இங்கே ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் யாருக்கு முதலில் பதவி உயர்வு என்று சொல்லும் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றிய அளவில் இருந்தது. 2023 டிசம்பரில் அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது. ஆசிரியர் சங்கங்கள் தெருவுக்கு வந்தன. தலைமையாசிரியர் ஆக வேண்டுமானால் எங்கோ ஒரு மாவட்டத்துக்குப் போக வேண்டிவரும், பிள்ளைகளையும் மாமனார் மாமியாரையும் விட்டுவிட்டு எத்தனை பெண்கள் போவார்கள் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். போக முடியாதவர்கள், இப்போதைக்குப் பதவி உயர்வு வேண்டாம் என்று தற்காலிக உரிமைவிடல் எழுதிக் கொடுப்பார்கள். பிறகு "பெண்களுக்குப் பொறுப்பு எடுக்க விருப்பமில்லை" என்று பேசுவார்கள். உங்கள் பக்கம் இந்த மறுப்புக் கடிதங்களை எந்தப் பெயரில் வைத்திருக்கிறார்கள் என்று விசாரி. ஐந்து வருஷத்துக் கடிதங்களை எடுத்து, கொடுக்கப்பட்ட பள்ளி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறி. அந்தப் பட்டியல் தயாரானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா