டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு சர்வர்

திருநகர், மதுரை

மாப்ள,

‘வீட்டுக்குள்ள எதுக்குடா சர்வர்’னு சிரிச்சியே, அது இப்ப டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஓடிக்கிட்டிருக்கு. ஏதோ ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின குட்டி கம்ப்யூட்டர் டப்பா, ஐ5-6500டி ப்ராசஸர், 8 ஜிபி ராம். 35 வாட் சிப்புங்கிறதால கரண்ட் பில்லுக்கு இன்னும் திட்டு விழல.

ஒரே டப்பாவுக்குள்ள பல கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி ஓட்டுற ப்ராக்ஸ்மாக்ஸ் சாஃப்ட்வேரைப் போட்டேன். முதல் நாளே கேவிஎம் (அதுக்காக லினக்ஸ்ல இருக்கிற வசதி) இல்லைன்னு அடம். டப்பாவோட அடிப்படை செட்டிங்கான பயாஸ்ல, அதுக்குத் தேவையான விடி-எக்ஸ்ங்கிற சிப் வசதியை எவனோ அணைச்சு வச்சிருக்கான்.

அப்புறம் பேராசை. மூணு வி.எம். (டப்பாவுக்குள்ள ஓடுற மெய்நிகர் கம்ப்யூட்டர்), ஒவ்வொண்ணுக்கும் 4 ஜிபி. இருக்கிறதே எட்டு! மூணாவதைக் கிளப்பினதும் ராம் பத்தாம, கர்னல் (சிஸ்டத்தோட மையம்) முதலாவதைக் கொன்னுடுச்சு. கோர் நாலுன்னாலும் மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம், ராம்ல அந்த ஜம்பம் பலிக்காது. இப்ப விளம்பரத்தைத் தடுக்கிற பை-ஹோலை, வி.எம்.மை விட லேசான எல்எக்ஸ்சி கன்டெய்னருக்கு மாத்திட்டேன். டப்பாவோட கர்னலையே பகிர்ந்துக்கிறதால 256 எம்பியே அதுக்குத் தாராளம். ஆப்களைத் தனித்தனிப் பொட்டலமா ஓட்டுற டாக்கருக்கு மட்டும் முழு வி.எம்., 2 ஜிபி. குட்டி குட்டி வி.எம். ஓட்டுற ஃபயர்கிராக்கரும் பார்த்தேன் (பேரைக் கேட்டாலே சிவகாசி ஞாபகம்). அமேசான்காரன் 2018ல வெளியிட்டது. ஒரு வி.எம்.முக்கு அதோட சொந்தச் செலவு 5 எம்பிகூட இல்ல, ஆனா திரையில காட்ட விஜிஏகூடக் கிடையாது. நமக்கு ஆகாதுன்னு விட்டுட்டேன்.

சொல்ல வெக்கமா இருக்கிற கதை ஒண்ணு. இன்ஸ்டால் மெதுவா போகுதேன்னு டிஸ்க் கேஷை (டிஸ்க்ல எழுதுறதுக்கு முன்னாடி தற்காலிகமா வச்சுக்கிற இடம்) ‘அன்சேஃப்’ல வச்சேன். ‘டிஸ்க்ல எழுதிட்டியா’ன்னு வி.எம். கேட்டா, ப்ராக்ஸ்மாக்ஸ்காரன் எழுதாமலே ‘ஆச்சு’ம்பான். வேகம்னா வேகம். முடிஞ்சதும் மாத்தணும்னு நினைச்சது அப்படியே மறந்துபோச்சு. சித்திரையில ஒரு சாயங்காலம் இடி மழை, கரண்ட் கட். இன்வெர்ட்டர்ல ஃபேன் நிக்காம சுத்துது, டப்பா மட்டும் செத்துப் பொழைச்சு வருது. போட்டோ டேட்டாபேஸ் காலி. படமெல்லாம் பத்திரம், ஆனா அப்பத்தா முகத்துக்கு ஒவ்வொண்ணா உக்காந்து பேர் போட்டது போயே போச்சு.

எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து இன்வெர்ட்டர் பின்னாடி கைவிட்டு ஒரு சின்ன சுவிட்சை ‘யூபிஎஸ்’ பக்கம் தள்ளினார். இனிமே மாறுற நேரம் குறைச்சல், கம்ப்யூட்டர் தாங்கும்னார். மூணு வருஷமா அந்தச் சுவிட்சு என் கண்ணுலயே படல. கேஷையும் பழையபடி ‘நோ கேஷ்’ ஆக்கிட்டேன்.

உன் பழைய லேப்டாப்ல கழட்டின டிடிஆர்4 ராம் 8 ஜிபி இன்னும் சும்மாதானே கிடக்கு? கோயம்புத்தூர் பஸ்ல கொடுத்து விடு, ஆரப்பாளையத்துல நான் வந்து வாங்கிக்கிறேன். கண்டக்டருக்குக் காசு நீயே கொடுத்துடு.