முதல் மூன்று வகுப்புகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைக்கும் தொடக்கக் கல்வி இயக்ககத்துக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறீர்கள். எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், யார் உபரி, உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றும் பணிநிரவலில் யார் எந்த ஊருக்குப் போவது எல்லாம் அந்த எண்ணை வைத்தே முடிவாகிறது. அந்தக் கணக்கில் பள்ளி இருக்கிறது, வகுப்பு இல்லை. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளுக்காவது பள்ளியை எண்ணாமல் வகுப்பை எண்ணுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்போடுதான் போனது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை, 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று பேர், 91 முதல் 120 வரை நான்கு பேர். முப்பது பிள்ளைக்கு ஒருவர் என்று பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். 58 பிள்ளைகள் படிக்கும் ஓர் ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கொள்வோம். வகுப்புகள் ஐந்து, ஆசிரியர்கள் இருவர், அதில் ஒருவர் தலைமையாசிரியர். நான்கும் ஐந்தும் அவர் பொறுப்பு என்றால், கீழ் மூன்று வகுப்பும் மற்றவர் தலையில். ஒரே அறையில் ஐந்து வயது முதல் எட்டு வயது வரை முப்பத்தைந்து பிள்ளைகள், மூன்று வகுப்புகளின் பாடநூல்கள். கூட்டம், பயிற்சி, வட்டார வள மையம் என்று தலைமையாசிரியர் கிளம்பும் நாளில் ஐந்து வகுப்பும் அந்த ஒருவரிடம். ஏட்டில் அன்றைக்கும் 29 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றுதான் இருக்கும்.

அதே அட்டவணையில் கொஞ்சம் கீழே பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்குக் குறைந்தது ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த இந்த உறுதியை ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. எத்தனை முறை படித்தும் இதற்கு ஒரு காரணம் எனக்குப் புலப்படவில்லை. தானாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை, ஆசிரியர் பக்கத்து வகுப்புக்குப் போன அரை மணி நேரத்தைப் புத்தகத்தோடு கழித்துவிடும். வாசிக்கவே தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

ஒன்றாம் வகுப்பு வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆசிரியர்களை எண்ணும் மேசையிலிருந்து அது தெரிவதில்லை. 'கொ' என்ற எழுத்தைப் பார்க்கும் பிள்ளை முதலில் கொம்பைப் பார்த்து 'கெ' என்று படித்துவிடும், பிறகு பின்னால் நிற்கும் காலைக் கண்டு திகைத்து நிற்கும். அந்தத் திகைப்பு வரும் நேரத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அந்த எழுத்தை விட்டுவிட்டுப் படிக்கப் பழகும், மூன்றாம் வகுப்பிலும் அப்படியே படிக்கும். ணகரத்தையும் னகரத்தையும் குழப்புகிற பிள்ளை, எண்ணை வலமிருந்து இடமாக எழுதுகிற பிள்ளை, கரும்பலகை சரியாகத் தெரியாமல் பக்கத்தில் இருப்பவன் சிலேட்டைப் பார்த்து எழுதுகிற பிள்ளை, ஒவ்வொருவரின் சிக்கலும் ஒவ்வொரு மாதிரி. கண் குறைபாட்டையும் காது குறைபாட்டையும் முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்தான். அதற்குப் பிள்ளையின் முகத்தை அருகில் பார்க்க நேரம் வேண்டும்.

நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஒரு நிமிடம். அதிலும் வருகைப் பதிவு, சண்டை, சிறுநீர், தண்ணீர் போக மிஞ்சுவது எவ்வளவு? ஆகவே ஆசிரியர் எல்லாரையும் சேர்ந்து படிக்கச் சொல்கிறார். சேர்ந்து படிக்கும்போது வெளியே நிற்பவருக்கு வகுப்பு பிரமாதமாக நடப்பதாகத் தோன்றும். உள்ளே நான்கு பிள்ளைகள் உரக்கப் படிப்பார்கள், பத்துப் பேர் அவர்கள் பின்னாலேயே சொல்வார்கள், மற்றவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். அந்த மற்றவர்கள்தான் பிறகு "எட்டாம் வகுப்பு வந்தும் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை" என்ற தலைப்பில் நாளிதழுக்குச் செய்தியாகிறார்கள்.

இது ஓர் ஆசிரியையின் அனுபவம் மட்டும்தானே என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை 'ஸ்டார்' என்ற பெயரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை சிலரை 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பிலும் மற்றவர்களை 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பிலும் சேர்த்தார்கள். வாசிப்பிலும் கணக்கிலும் சிறிய வகுப்புப் பிள்ளைகள் முன்னே போனார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கிடைத்த பலன் இன்னும் பெரிது. பெரிய வகுப்பிலேயே ஆசிரியருக்கு ஓர் உதவியாளரைக் கொடுத்தும் பார்த்தார்கள், அதில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. தன்னார்வலரை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அங்கிருந்தே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1996இல் கலிபோர்னியா மாநிலம் கீழ் வகுப்புகளை 20 பேராகக் குறைக்க அவசர அவசரமாக இறங்கியது. போதிய ஆசிரியர்கள் இல்லாததால் பயிற்சி முடிக்காதவர்களை எல்லாம் நியமித்தார்கள், ஏழைகள் வாழும் பகுதிப் பள்ளிகள்தான் அதில் அதிகம் அடிபட்டன. நம் நிலைமை வேறு. பயிற்சி முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, வேலைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இங்கே எத்தனையோ பேர்.

இப்போது ஒரு வாய்ப்பும் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துகொண்டே போகிறது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் நம் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 1.4. பிள்ளைகள் குறையக் குறைய, இருக்கும் ஆசிரியர்களை உபரி என்று எழுதிப் பணியிடத்தை ஒப்படைப்பது ஒரு வழி. அதே ஆசிரியர்களை வைத்துக் கீழ் வகுப்புகளைச் சிறிதாக்குவது இன்னொரு வழி. முதல் வழியில் மிச்சமாகும் பணத்தை, வாசிக்கத் தெரியாமல் மேலே போன பிள்ளைகளுக்கான குறைதீர் பயிற்சிக்கும் கையேட்டுக்கும் கண்காணிப்புக்கும் பின்னால் செலவழிக்கத்தான் போகிறோம். அதுவும் பாதிப் பலனோடு.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் ஒரே படியில் இல்லை என்று ஒப்புக்கொண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது நல்ல காரியம். ஆனால் மூன்று நிலைக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு குழுவோடு உட்காரும்போது மற்ற இரண்டு குழுவும் அடங்கியிருக்க வேண்டும். 18 பிள்ளைகள் இருந்தால் அது நடக்கும். 38 பேர் இருந்தால் பயிற்சி நூல் நிரம்பும், துறையின் இணையப் பதிவேடான எமிஸின் செயலியில் மதிப்பீடு ஏறும், அவ்வளவுதான். மாலை நேர இல்லம் தேடிக் கல்வி மையத்தில் ஒரு தன்னார்வலருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள் என்று வரையறுத்தது இதே துறைதான். பகலில் மட்டும் அந்த அளவு ஏன் மாற வேண்டும்?

கிராமத்துச் சிறு பள்ளிகளுக்கு நேர் எதிர்ப்பக்கம் திருப்பூரும் சென்னையின் புறநகரும் இருக்கின்றன. வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆண்டின் நடுவிலும் சேர்கிறார்கள். ஆகஸ்ட் கணக்கில் அவர்கள் வருவதில்லை. அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வீட்டு மொழியும் இல்லை. அவர்கள் சேரும் முதல் வகுப்பே நெரிசலான வகுப்பாக இருந்துவிடுகிறது. அங்கே ஆசிரியரோடு அறையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், ஒரே அறையில் இரண்டு பிரிவை உட்காரவைப்பது பிரிவே ஆகாது.

நான் கேட்பது இதுதான். முதல் மூன்று வகுப்புகளில் 20 பிள்ளைகளுக்கு மேல் ஓர் ஆசிரியரிடம் இருக்கக் கூடாது. பிள்ளைகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒருவரிடம் இரண்டு வகுப்புக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஈராசிரியர் பள்ளிகளுக்கு மூன்றாவதாக ஒருவர் வேண்டும், அவர் ஒன்றாம் வகுப்புக்கென்றே இருக்க வேண்டும். மாநிலம் முழுக்க ஒரே ஆண்டில் முடியாது என்பது எனக்கும் தெரியும். முதலில் ஒன்றாம் வகுப்பு, அடுத்த ஆண்டு இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று போகலாம். சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு, அதற்கு மேல் போக மாநில அரசுக்குத் தடை ஏதும் இல்லை.

அதுவரை உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வகுப்பு வாரியான எண்ணிக்கை எமிஸில் ஏற்கெனவே இருக்கிறது. எந்த ஆசிரியர் எத்தனை வகுப்பை ஒன்றாக வைத்து நடத்துகிறார் என்ற விவரத்தோடு அதைப் பள்ளி வாரியாக வெளியிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள் அதைப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். அடுத்த ஆகஸ்ட் 1க்கு முன் பணியாளர் நிர்ணய ஆணை எழுதும்போது அந்தப் பட்டியல் உங்கள் மேசையிலும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை